கூடைக்கு மட்டும் டிக்கெட்

விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில்
ஜபருல்லா கடை.
மேல் தட்டில் ஆளை நடுவில் அறுக்கும் பெட்டி,
கீழ்த் தட்டில் மூன்று கோப்பை, ஒரு பந்து.
"பாய், மேல இருக்கிறது எவ்வளவு?"
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தார்.
"அறுத்தா ஒட்டத் தெரியுமா?"
பேசாமல் கயிறு வாங்கிக்கொண்டு வந்தேன்.
நூற்று நாற்பது ரூபாய்.
விளக்கத் தாள் இந்தியில்.

டெப்போவில் ஆயுத பூஜை.
பஸ்ஸுக்கெல்லாம் சந்தனம், வாழைக்கன்று.
வொர்க்‌ஷாப் வாசலில் பெஞ்சு போட்டு
என்னை ஏற்றிவிட்டார்கள்.
கயிற்றை வெட்டினேன், ஊதினேன்,
மந்திரம் மாதிரி என்னவோ முனகினேன்.
நேர்மையான கயிறு,
இரண்டாகவே இருந்தது.
"விடுங்கண்ணே" என்றான் டிரைவர் மொக்கராசு,
"நம்ம வண்டியும் முடிச்சுப் போட்டுத்தான் ஓடுது."
பிள்ளைகள் பொரி தின்னப் போய்விட்டன.

அன்றிரவு பையை எண்ணும்போதுதான் கவனித்தேன்.
விரல்கள் என்னைக் கேட்காமலே
வேலை பார்த்துக்கொண்டிருந்தன.
பத்துகளை நீளவாக்கில் மடித்து
இடுக்கில் செருகுகின்றன.
ஐந்து எது, இரண்டு எது என்று
இருட்டில் விளிம்பைத் தடவியே சொல்கின்றன.
மேலக்கால் வளைவில்
கம்பியைப் பிடிக்காமல் நிற்கும்போதும்
ஒரு காசு சிந்தியதில்லை.
பதினாறு வருஷம் ஒத்திகை பார்த்துவிட்டு
அறுக்கும் பெட்டிக்கு விலை கேட்டிருக்கிறேன்.

ஆகவே நாணயம்.
கட்டைவிரல் மேட்டில் இடுக்கிக்கொண்டு
கையை விரித்தால் இல்லை.
அவ்வளவுதான் வித்தை.
சோழவந்தானில் வண்டி கிளம்பும் முன்,
ஆரப்பாளையத்தில் டீ ஆறும் வரை,
வீட்டில் ரசம் ஊற்றுகிற நேரத்தில்கூட.
பத்துக்கு இரண்டு தடவை விழுந்தது.
பிறகு ஒன்று.
பிறகு விழவில்லை.

காலை ஐந்து பத்து வண்டி.
வெற்றிலைக் கூடையோடு ஒச்சம்மா.
பெண்களுக்கு இலவசம், கூடைக்கு இல்லை.
கூடைக்கு ஐந்து ரூபாய். பத்தை நீட்டினாள்.
மீதி ஐந்தை அவள் கண்முன்னால் உயர்த்தி
கையை மூடினேன், திறந்தேன்.
இல்லை.
ஜபருல்லாவே எழுந்து நின்றிருப்பார்.
ஒச்சம்மா கூடையைக் காலால் தள்ளி வைத்துவிட்டு
"இதத்தான் எல்லாக் கண்டக்டரும்
தெனமும் செய்றாகளே.
வர வைக்கிற வித்தை தெரிஞ்சாக் காட்டும்" என்றாள்.
பஸ்ஸே சிரித்தது.
கண்ணாடியில் மொக்கராசின் பல் தெரிந்தது.

கைக்குப் பொருந்துமா என்று பார்த்தேனே தவிர
காக்கிச் சட்டைக்குப் பொருந்துமா என்று
பார்க்கவில்லை.

மறைப்பதைவிட வரவழைப்பது கஷ்டம்.
எங்கள் நிர்வாகத்தைக் கேட்டால் சொல்வார்கள்.
காசு முழங்கையில் இருந்து தப்பாமல்
விரலுக்கு வர வேண்டும்,
வருவதற்குள் ஸ்டாப் வந்துவிடும்.
வாய்க்கும் வரை
சில்லறையைச் சும்மாவே கொடுத்தேன்.

மார்கழியில் ஒருநாள், துவரிமான் வேகத்தடை.
ஒச்சம்மாவின் ஐந்து ரூபாய்
கையிலிருந்து துள்ளி
சீட்டுகளுக்கு அடியில் உருண்டது.
"காலைத் தூக்குப்பா."
"டயர் மேட்டுப் பக்கம் போச்சு."
பாலிடெக்னிக் பையன் செல்போன் லைட் அடித்தான்.
ஒச்சம்மாவும் குனிந்தாள்.
மொத்த வண்டியும் குனிந்திருந்தது.
அப்போதுதான் உறைத்தது,
என் கையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

பையிலிருந்து வேறொரு ஐந்தை எடுத்து
மேல் கவுளியின் நடுவில் சொருகினேன்.
நிமிர்ந்து, வெறுங்கையைக் காட்டி,
"கூடையில பாருங்கம்மா."

வாழைநாரைப் பிரித்தாள்.
ஈர இலைக்குள் நாணயம்.
என்னைப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை.
காசை முந்தியில் முடிந்துகொண்டு
அந்தக் கவுளியை எண்ண ஆரம்பித்தாள்.
கோச்சடை தாண்டும்போது
நூறு சரியாக இருந்தது.

உருண்டுபோனது கடைசிவரை கிடைக்கவில்லை.
வசூலில் ஐந்து குறைந்தது.
ஆரும் பார்க்காத இடத்தில்
சட்டைப் பையிலிருந்து ஒன்றை வரவழைத்தேன்.
கணக்குச் சரி என்றார் கேஷியர்.
கைதட்டவில்லை.